சின்னக் காருக்கு ஏற்ற கரவன்

காருக்குப் பின்னால் பூட்டி இழுக்கிற வீட்டுவண்டி ஒன்று, ஒரு கரவன், வாங்குவோம் என்று முதலில் சொன்னது நான்தான். டென்மார்க்கில் நான் வேலை செய்யும் தொழிற்சாலை ஒவ்வொரு ஜூலையிலும் மூன்று கிழமை மூடப்படும். அந்த மூன்று கிழமையையும் நாங்கள் வருடக்கணக்காகச் சொந்தக்காரர் வீடுகளில் கழித்தோம். கோல்டிங்கில் என் தங்கை வீடு, ஜெர்மனியில் மனைவியின் தமையன் வீடு, திரும்பும் வழியில் மறுபடி தங்கை வீடு. எல்லோரும் அன்பாகத்தான் பார்த்தார்கள். ஆனால் ஹோலில் விரித்த மெத்தையில் சரிவதற்கு வீட்டுக்காரர் எப்போது படுக்கப் போவார்கள் என்று காத்திருக்கிற வயதை நான் தாண்டிவிட்டேன். உள்ளிருந்து பூட்ட ஒரு கதவும் நீட்டிப் படுக்க எங்களுடையது என்று ஒரு கட்டிலும் வேண்டும் போலிருந்தது.

மனைவிக்கும் விருப்பம்தான். அவள் இக்காஸ்டில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறாள். கோடை தொடங்கினால் அங்கிருக்கும் வயதானவர்கள் இளவயதில் கரவனோடு போன இடங்களைப் பற்றித்தான் கதைப்பார்களாம். கேட்டுக் கேட்டு, போகாத கடற்கரைகளெல்லாம் அவளுக்குப் பாடமாகியிருந்தன. அவள் ஒரேயொரு நிபந்தனை போட்டாள். காரை மாற்றக் கூடாது.

எங்கள் கார் சின்னது. நான் சைக்கிளில் வேலைக்குப் போகிறவன் என்பதால் அது பெரும்பாலும் அவளுடைய கார்தான். விடிய முன்பே தொடங்கும் வேலைக்கு, பனியிலும் உறைகுளிரிலும், ஒருநாள் கூட அவளைக் கைவிடாமல் கொண்டுபோய்ச் சேர்த்த கார். அதை விற்கலாம் என்று யாராவது சொன்னால், வீட்டு ஆளைப் பற்றிக் குறைவாகக் கதைத்தது போல அவளுக்கு முகம் மாறும்.

எங்கள் தொழிற்சாலையில் மன்னார்க்கார அண்ணை ஒருவர் இருக்கிறார். டென்மார்க்குக்கு எங்களுக்கு முன்பே வந்தவர், கோயிலிலும் எங்களுக்கு முன்வரிசைக்காரர். நான் கரவன் தேடுகிறேன் என்று கேள்விப்பட்டதும் தன்னுடையதை எடுத்துக்கொள்ளும்படி சொன்னார். பிள்ளைகள் வளர்ந்து தனித்தனியே போய்விட்டார்கள், அது வீட்டுக்குப் பின்னால் சும்மா நிற்கிறது, வேறு யாருக்கோ விற்பதைவிட எங்களுக்குத் தருவது சந்தோசம் என்றார். போய்ப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கட்டில், நடுவில் மேசை, குளிக்க ஒரு சின்ன அறை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி. மனம் அங்கேயே குடியேறிவிட்டது. காருக்குப் பின்னால் கொளுக்கி பூட்டினால் முடிந்தது விசயம் என்று நினைத்தேன். நான் தொழிற்சாலையில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். பாரத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை என்ற எண்ணமும் இருந்தது.

மனைவி கரவனைப் பார்க்க வரவில்லை. அதன் பதிவுப் பத்திரத்தைப் படம் எடுத்து வரச் சொன்னாள். பிறகு எங்கள் காரின் பத்திரத்தையும் எடுத்து, இரண்டையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தாள். எங்கள் காரின் நிறை ஆயிரத்து எண்பது கிலோ. தனக்கென்று பிறேக் உள்ள வண்டியாக இருந்தால், ஆயிரம் கிலோ வரை அது இழுக்கலாம். அண்ணையின் கரவன் வெறுமையாகவே ஆயிரத்து இருநூற்றைம்பது.

"சாமான் ஒண்டும் ஏத்த முதலே இது எங்கட காரைவிடப் பாரமா எல்லோ கிடக்கு" என்றாள்.

"எஞ்சின் நல்ல எஞ்சின். இழுக்கும், நீர் பயப்பிடாதையும்."

"இழுக்கும் எண்டு எனக்கும் தெரியும். நிப்பாட்டுமோ?"

இழுப்பதைப் பற்றி மட்டுமே அதுவரை யோசித்திருந்தேன். இறக்கத்தில் முன்னால் ஒருவன் சட்டென்று நின்றால், பின்னாலிருந்து தன்னைவிடக் கனமான ஒன்று தள்ளும்போது அந்தச் சின்னக் கார் என்ன செய்யும் என்று ஒருதரம் கூட நினைத்துப் பார்க்கவில்லை. அப்படிப் போவது சட்டத்துக்கும் பிழை என்பது அதற்குப் பிறகுதான் மண்டையில் ஏறியது.

எனக்கு இருந்த அடுத்த கவலை அண்ணையை எப்படி மறுப்பது என்பது. மனம் விரும்பித் தந்த ஒன்றை வேண்டாம் என்றால் எங்கள் ஆட்களுக்குள் அது வருசக்கணக்காக நின்றுவிடும். தான் கதைப்பதாக அவள் சொன்னாள். ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் கோப்பி குடிக்கும் நேரம் அவரிடம் நேரே போனாள். நான் பணிஸ் தட்டுக்குப் பக்கத்தில் நின்று காதைக் கொடுத்தேன்.

"அண்ணை, உங்கட கரவனிலை ஒரு குறையும் இல்லை. எங்கட கார்தான் அதுக்குக் காணாது" என்றாள். அதோடு விடாமல், சின்னக் கரவன் பார்க்கப் போகிறோம், எங்களுக்கு ஒன்றும் தெரியாது, நீங்கள்தான் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டாள். அண்ணையின் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த மூன்று சனிக்கிழமையும் அவரே தன் வாகனத்தில் எங்களை ஏற்றிக்கொண்டு ஊரூராகத் திரிந்தார்.

விற்கிறவர்கள் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள். இதே மாதிரிச் சின்னக் காரில்தான் தாங்களும் இழுத்தோம், ஒன்றும் நடக்கவில்லை என்று. அவள் சிரித்த முகத்தோடு கேட்டுவிட்டு, பத்திரத்தைக் காட்டச் சொல்வாள். பார்த்ததும் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுப்பாள். மூன்றாவது சனிக்கிழமை, சில்கெபோர்க் பக்கத்தில் ஒரு தோட்டவீட்டில், வேலியோரம் நின்ற ஒன்றைக் கண்டோம். பழையது, உருண்டை மூஞ்சி. சாமானோடு சேர்த்து எண்ணூற்றைம்பது கிலோவுக்கு மேல் போகக் கூடாது, வெறுமையாக அறுநூற்றுத் தொண்ணூறு என்று பத்திரம் சொன்னது. உள்ளே போன அண்ணை இரண்டு தரம் தலையை இடித்துக்கொண்டார். எனக்கு அது பொம்மை வீடு போலத் தெரிந்தது. அவள் கூரையின் மூலைகளை உள்ளங்கையால் அழுத்தி ஈரம் இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு புல்லில் முழங்கால் குத்தி ரயரைப் பார்த்தாள். ரயர் தேயவேயில்லை, புதிது மாதிரி இருக்கிறது என்றேன் நான். பக்கத்தில் பொறித்திருக்கும் நாலு இலக்கத்தை அவள் விரலால் தொட்டுக் காட்டினாள். எந்த வருடம் எத்தனையாம் கிழமை செய்த ரயர் என்பதை அது சொல்லும். எங்கள் மகள் பாலர் பள்ளிக்குப் போன காலத்து ரயர். அன்றைக்கு மகளுக்குப் பதினைந்து வயது. தேயாவிட்டாலும் இத்தனை வயதான ரப்பர் ஓட்டத்தில் வெடித்துவிடலாம். விற்கிறவர் தயங்காமல் புது ரயர் போட்டுத்தர ஒத்துக்கொண்டார்.

வீட்டுக்குக் கொண்டுவரும் வழியில், அண்ணையின் வாகனம் அதை இழுத்துவர, தானியம் வாங்கும் ஒரு நிலையத்தின் முன்னால் நிறுத்தச் சொன்னாள். உழவு யந்திரப் பெட்டிகளை நிறுக்கிற பெரிய தராசு அங்கே நிலத்தோடு பதித்திருக்கிறது. வெள்ளைத் தலை டேனிஷ்காரர் ஒருவர் வெளியே வந்து, வெறும் கரவனை ஏன் நிறுக்க வேண்டும் என்று கேட்டார். அவள் விளக்கினாள். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தராசுக்குப் போனார். எழுநூற்று நாற்பத்தைந்து காட்டியது. பத்திரத்தில் இருந்ததைவிட ஐம்பத்தைந்து கிலோ கூட. முன்னைய சொந்தக்காரர் தன் விருப்பத்துக்கு அடித்த மர அலுமாரிகளும், கம்பளமும், இன்னொரு பற்றரியும்தான் காரணம்.

"இந்தப் பத்திரமும் கலியாண நேரம் உங்கட பாஸ்போட்டிலை கிடந்த படம் மாதிரித்தான்" என்று என் வயிற்றைப் பார்த்துச் சொன்னாள். அண்ணை ஸ்டியரிங்கில் கவிழ்ந்து சிரித்தார்.

அலுமாரிகளைக் கழற்றியதும் ஏற்றுவதற்கு எங்களுக்கு நூற்றைம்பது கிலோ மிஞ்சியது. கேட்க நிறையப் போலத் தெரியும். எரிவாயு, தண்ணீர், முன்கூடாரம், நாற்காலிகள் என்று போட்டுப் பார்த்தால் ஒன்றும் இல்லை. மனைவி குளியலறைத் தராசை ஹோலுக்குக் கொண்டுவந்து ஒவ்வொரு பையாக நிறுத்தாள். மற்றவர்கள் விமானத்துக்குத்தான் பெட்டியை நிறுப்பார்கள், நாங்கள் புல்வெளியில் படுக்கப் போவதற்கே நிறுக்கிறோம் என்று மகள் டேனிஷில் முறைப்பட்டாள். அவள் வீட்டில் பெரும்பாலும் டேனிஷில்தான் பதில் சொல்வாள். என்னுடைய வார்ப்பிரும்பு இறைச்சி வாட்டும் அடுப்பு பதினெட்டுக் கிலோ. அது வீட்டோடு நின்றது. சோறு அவிக்கிற மின்சாரப் பானை மூன்று பேரின் சம்மதத்தோடும் ஏறியது.

எவ்வளவு பாரம் என்பது பாதிக் கதைதான் என்பதையும் மனைவியே கண்டுபிடித்திருந்தாள். கரவனின் மூக்கு, காருக்குப் புதிதாகப் பூட்டிய கொளுக்கியை எவ்வளவு அழுத்துகிறது என்பதும் முக்கியம். எங்கள் காருக்கு ஐம்பது கிலோவுக்கு மேல் அழுத்தக் கூடாது. குறைந்தாலும் ஆபத்து, பின்பக்கம் வாலாட்டத் தொடங்கிவிடும். தராசின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, அதன் மேல் கரவனின் மூக்கை இறக்கி, கனமான சாமான்களைச் சக்கரத்துக்கு மேலே முன்னும் பின்னுமாக நகர்த்தி, நாற்பத்தைந்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். இதெல்லாம் எப்படி விளங்குகிறது என்று கேட்டேன். முதியோர் இல்லத்தில் ஒருவரைக் கட்டிலில் இருந்து தூக்கும்போது உடம்பின் பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியாமல் கை வைத்தால், அவரும் விழுவார், தன் இடுப்பும் போய்விடும், அதே கணக்குத்தான் என்றாள்.

ஓட்டிப் பழகியது பழைய துணித் தொழிற்சாலை ஒன்றின் வெறும் கார் தரிப்பிடத்தில். முன்னுக்குப் போவதில் ஒரு கஷ்டமும் இல்லை. பின்னுக்கு எடுக்கும்போது எல்லாம் தலைகீழ். நான் ஐந்து தரம் எடுத்தேன், ஐந்து தரமும் கரவன் மடங்கிக் காரின் விலாவில் முட்ட வந்தது. அவள் ஏறி, ஸ்டியரிங்கின் அடியில் கையைப் பிடித்து, கரவனின் பின்பக்கம் எங்கே போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை மெல்ல நகர்த்தினாள். அரைமணி நேரத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவில் கரவனை நேராக நிறுத்திவிட்டு இறங்கி வந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது என்று எழுத ஆசை. உண்மையில் அன்றைக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. பெருமை வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது.

ஜூலையில் புறப்பட்டோம். கோல்டிங்கில் தங்கை வீட்டில் மத்தியானச் சாப்பாடு, பிறகு ஃபூன் தீவின் தென்கரையில் ஒரு முகாம் இடம். அவள்தான் ஓட்டினாள். நெடுஞ்சாலையில் எண்பதைத் தாண்டவில்லை. லொறிகள் பின்னால் வந்து மூச்சு விட்டன, எனக்குக் கூச்சமாக இருந்தது. அவளுக்கு ஒரு கூச்சமும் இல்லை. வைலே கடற்கழிப் பாலத்தின் மேல் காற்றின் வேகம் காட்டும் துணிப்பை பாதி நிமிர்ந்து நின்றது, ஆனால் கரவன் கன்றுக்குட்டி போலப் பேசாமல் பின்னால் வந்தது.

தங்கை வீட்டில் வழமை போல வயிறு நிறையச் சாப்பாடு, வெளிக்கிடும்போது கை நிறையச் சாமான். பத்துக் கிலோ அரிசி மூட்டை, ஒரு பெட்டி மாம்பழம், சோடாப் போத்தல் இரண்டு கட்டு, ஒரு பூசணிக்காய். மனைவி உள்ளே விடைபெற்றுக்கொண்டிருந்தாள். காரின் பின்பெட்டி நிரம்பியிருந்தது. நான் மனத்துக்குள் கணக்குப் போட்டேன். எல்லாம் சேர்த்து முப்பத்தைந்து கிலோ வரும், எண்ணூற்றைம்பதுக்கு இன்னும் இடம் இருக்கிறது. கரவனின் ஆகப் பின்னால், கட்டிலுக்குக் கீழே, வெளியிலிருந்து திறக்கிற ஒரு சின்னக் கதவு உண்டு. குனியாமல் வைக்க வசதியான இடம். எல்லாவற்றையும் அங்கே அடுக்கிப் பூட்டினேன். அவளிடம் சொல்லவில்லை. மறைக்க நினைத்தும் அல்ல. சொல்ல வேண்டிய விசயமாகத் தோன்றவில்லை.

ஃபூன் தீவுக்குக் கடக்கிற லிட்டில் பெல்ட் பாலத்துக்குப் போகும் வழியில், ஒரு இலேசான இறக்கத்தில், பெரிய பஸ் ஒன்று எங்களைத் தாண்டியது. அது தள்ளிய காற்றில் கரவன் ஒருதரம் அசைந்தது. வழமையாக அதோடு நின்றுவிடும். இந்த முறை நிற்கவில்லை. இடம், வலம், மறுபடி இடம், ஒவ்வொரு தரமும் முன்னையதைவிட அகலமாக. காரின் பின்பக்கத்தை யாரோ பிடித்து உலுக்குவது போல இருந்தது. கண்ணாடியில் கரவனின் ஒரு பக்கச் சுவர் முழுவதும் தெரிந்து மறைந்தது.

"பிறேக்கை அமத்தும்" என்றேன்.

அவள் அமத்தவில்லை. எதிர்ப்பக்கம் ஸ்டியரிங்கை வெட்டவும் இல்லை. கால் பெற்றோல் மிதியை விட்டு மெல்ல எழுந்தது. இரண்டு கைகளும் ஸ்டியரிங்கை நேராக, இறுக்கமாகப் பிடித்திருந்தன. முகம் முன்னாலிருந்த ரோட்டை விட்டு அசையவில்லை. எண்பது, எழுபது, அறுபத்தைந்து. வாலாட்டம் குறைந்தது, ஒருதரம் சிணுங்கியது, நின்றது. எல்லாம் சேர்ந்து பத்துச் செக்கன் இருக்கும். எச்சரிக்கை விளக்கைப் போட்டு, பிரெடெரிசியாப் பக்கம் பிரிகிற அடுத்த வழியில் இறங்கி, ஒரு பெற்றோல் நிலையத்தின் பின்னால் இருந்த புல்லோரம் நிறுத்தினாள்.

எஞ்சினை நிற்பாட்டியதும் பின்னாலிருந்து மகள்தான் முதலில் வாய் திறந்தாள், அதுவும் தமிழில்.

"அம்மா, நீங்கள் பயந்தனீங்களோ?"

"ஓம். நல்லாப் பயந்தனான்" என்றாள் அவள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். கோல்டிங்கில் என்ன ஏற்றினீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். எங்கே என்று கேட்டாள். அதையும் சொன்னேன். ஏச்சு வரும் என்று காத்திருந்தேன், அதற்கு நான் தகுதியானவன்தான். ஃபோர்க்லிஃப்ட்டின் கரண்டி நுனியில் பாரத்தைத் தொங்கவிட்டு ஓடும் புதுப் பொடியன்களை நானே எத்தனை தரம் சத்தம் போட்டிருப்பேன்.

"வெளிக்கிட முதல் நான் ஒருக்காச் சுத்திப் பாத்திருக்கோணும். பாக்காமல் ஏறினது என்ர பிழை" என்றாள்.

ஏசியிருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பேன். இந்தச் சொல் இன்றைக்கும் என்னோடு இருக்கிறது. தன் பங்கு எது என்று பார்த்து, அதை மட்டும் எடுத்துக்கொண்டு, என் பங்கை என்னிடமே விட்டுவிட்டாள்.

கரவனைக் கழற்றி, கூடவே கொண்டுவந்திருந்த குளியலறைத் தராசில் மூக்கை நிறுத்துப் பார்த்தோம். பன்னிரண்டு கிலோ. பின்னால் வைத்த பாரம் மூக்கைத் தூக்கிவிட்டிருந்தது. பெற்றோல் அடிக்க வந்தவர்கள் பார்த்துக்கொண்டு போக, அரிசியையும் மாம்பழத்தையும் பூசணியையும் புல்லில் இறக்கினோம். அரிசி மூட்டை சக்கரத்துக்கு மேலே கரவனின் தரையில் போனது. சோடாக் கட்டுகள் காரில் மகளின் கால்களுக்குக் கீழே போயின, அவள் முறைப்படவில்லை. மாம்பழத்தில் பாதியை அங்கேயே பங்கு போட்டோம். பெற்றோல் நிலையத்தில் வேலை செய்த பெண்ணுக்கு நாலு, சைக்கிளில் வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த வயதான தம்பதிக்கு நாலு. மறுபடி நிறுத்தபோது நாற்பத்திமூன்று.

பிறகு அவள் காரின் திறப்பை என்னிடம் நீட்டினாள். பாலத்தை நான் ஓட்டிக் கடக்க வேண்டும் என்றாள். எனக்கு விருப்பமில்லை. இன்றைக்கு ஓட்டாவிட்டால் நீங்கள் இதை இனி ஒருநாளும் ஓட்டமாட்டீர்கள் என்றாள். ஓட்டினேன், எழுபதில். கீழே கடல் சாம்பல் நிறத்தில் நெளிந்தது. அந்தப் பக்கம் இறங்கியதும் அவள் ஒரு மாம்பழத் துண்டை என் வாயில் வைத்தாள்.

அந்த விடுமுறையில் ஆறு நாள் மழை பெய்தது. மூன்று பேரும் பொம்மை வீட்டுக்குள் முழங்காலோடு முழங்கால் முட்ட இருந்து சீட்டு விளையாடினோம். மகள் எங்களை ஒவ்வொரு ஆட்டத்திலும் தோற்கடித்தாள். கதவை நான் உள்ளிருந்து பூட்டிக்கொண்டு படுத்தேன், நித்திரை நன்றாக வந்தது. அதற்குப் பிறகு ஒரு கோடையும் நாங்கள் தவறவிடவில்லை. இப்போது பாதித் தூரம் நான் ஓட்டுகிறேன். பின்னுக்கு எடுப்பது மட்டும் இன்னும் அவள்தான்.

மனைவியின் வேலையிடத்தில் இந்தக் கதை பரவிவிட்டது. கரவன் வாங்க நினைக்கிறவர்கள் பத்திரத்தோடு அவளிடம் வருகிறார்கள். இந்த வசந்தத்தில், அவளோடு வேலை செய்கிற இளம் டேனிஷ் பெண் ஒருத்தி தன் கணவனையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். புதுச் சின்ன மின்சாரக் கார் வாங்கியிருந்தார்கள், ஒரு கரவனையும் பார்த்து வைத்திருந்தார்கள். என் மனைவி மூக்குக்கண்ணாடியைப் போட்டு அவர்கள் காரின் பத்திரத்தை ஒருதரம் படித்தாள், மறுபடி படித்தாள். அந்தக் கார் எதையும் இழுக்க அனுமதி இல்லாத கார். ஒரு கிலோ கூட இல்லை. அதைச் சொல்லும்போது, வீட்டில் நடந்த துக்கத்தை அறிவிக்கிற குரலில்தான் சொன்னாள். அவர்களுக்கு முகம் விழுந்துவிட்டது. அவள் தேத்தண்ணியும் வடையும் கொடுத்து, ஒருமணி நேரம் கூடாரங்களைப் பற்றிக் கதைத்து அனுப்பினாள்.

போன மாதம் அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு படம் வந்தது. ஒரு குளக்கரையில் பச்சைக் கூடாரம், அதன் முன்னால் கணவன் வெறுங்காலோடு கோப்பி குடித்துக்கொண்டிருந்தான். என் மனைவி படத்தை விரலால் பெரிதாக்கினாள், கணவனின் முகத்தை அல்ல, கூடாரத்தின் கயிறுகளுக்கு நிலத்தில் முளை அடித்திருந்த இடத்தை. ஒவ்வொரு முளையாகப் பார்த்து முடித்த பிறகு, வடிவாகக் கட்டியிருக்கிறீர்கள் என்று பதில் எழுதினாள்.